இருபத்தெட்டு மாதக் காற்றும் என் தம்பியும்

என் வேலையைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். தரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகையை ஒட்டி வீசும் காற்றைக் கணக்குப் பார்ப்பவள் நான். ஓராண்டுபோல் கிழக்கிலிருந்து வீசும், பிறகு மேற்கிலிருந்து. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய இருபத்தெட்டு மாதம். அதோடு சேர்ந்து அங்கே ஓசோனும் கூடும், குறையும். நாளைக்கு மழை வருமா என்று கேட்பவர்களுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் தம்பி மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் பார்த்தான். வீடு இரும்புலியூர், தாம்பரத்தில் என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது என்னோடு பேச்சை நிறுத்துவான். சில மாதம் கழித்து அவனே போன் பண்ணி, "இன்னாக்கா, உயிரோடதான் கீறியா?" என்பான். அவ்வளவுதான், சண்டை முடிந்தது.

கடைசிச் சண்டை அவன் மகள் காதுகுத்தில் வந்தது. அன்றைக்கு எங்களுக்கு ஓசோனை அளக்கும் கருவியைக் கட்டிப் பலூன் விடும் முறை. பதினைந்து நாளுக்கு ஒன்று. தவறவிட்டால் தரவில் ஓட்டை விழும். நான் போகவில்லை. "என் பொண்ணவிட உனக்கு பலூன் பெருசா போச்சு" என்று கத்திவிட்டு போனை வைத்தான்.

நானும் விட்டுவிட்டேன். "நேர்ல போய்ப் பாருங்க மேடம்" என்று கூட வேலை செய்பவர் சொன்னபோது, "காலம் வந்தா தானா திரும்பும் சார்" என்று சிரித்தேன். சுற்றுகளையே பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போன புத்தி! இத்தனைக்கும், சில வருஷம் முன்பு அந்தக் காற்றே பாதியில் தடுமாறி முறை தவறியதை வாய் பிளந்து பார்த்தவள் நான். வாரக்கணக்கில் அதைப் பற்றியே பேசினோம். இந்த மரமண்டையில் உறைக்கவில்லை.

பேச்சு நின்ற பதினோராம் மாதம், காலை ஷிப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அவனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலடியில் விழுந்து அழுதேன். அவன் மனைவி என்னை ஏதாவது கேட்பாள், கேட்கட்டும் என்றிருந்தேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"தீபாவளிக்கு வருவீங்கன்னு வாசல்லயே நின்னுட்டிருந்தாரு அண்ணி. நீங்க வந்து நாலு வார்த்த திட்டியிருந்தா போதும்."