தெக்பர் யாருடைய அக்கா

தெக்பர் லாயூன் துறைமுகத்து மீன் ஆலையில் மத்தி மீனை டப்பாவில் அடுக்குகிறவள். அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அந்தப் பாலைவன மண்ணின் மக்களான சஹ்ராவிகள் தனி நாடு கேட்டுக் கொடியோடு தெருவில் இறங்கும் நாட்களில் தம்பி பஷ்ரி அவள் வீட்டு மாடியில் குப்புறப் படுத்துத்தான் படம் எடுப்பான். போலீசார் பெண்களை முடியைப் பிடித்து இழுத்ததை வெளியுலகம் பார்த்தது அவன் புண்ணியத்தில். இழுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் எடுத்தவனுக்குப் பத்து வருடம்.

சிறையும் பக்கத்தில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே, சஹ்ராவிகளின் மண்ணைப் பிடித்துக்கொண்டவர்களின் ஊரில். பஷ்ரி சிறையில் உண்ணாவிரதம் இருந்து பன்னிரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டதும் தெக்பர் பஸ் ஏறினாள்.

சிறை வாசலில் அதிகாரி அவளுடைய அடையாள அட்டையைப் புரட்டினார்.

"குடும்பப் பேரு வேறயா இருக்கே. நீ அவன் அக்கா இல்ல."

"ஒரே வயித்துல பொறந்தோம், ஐயா. எங்களுக்கு அப்பா பேரும் தாத்தா பேருமே போதும். குடும்பப் பேரு உங்க ஆபீஸ் வெச்சது. எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணுன்னு எழுதிட்டாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? சொந்தக்காரங்களுக்குத்தான் அனுமதி. தள்ளி நில்லு."

"இவரப் பெத்த தாயே வந்தாலும் அட்டை கேப்பாரு" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

தெக்பர் நகரவில்லை. மேலே சுற்றியிருந்த மெல்ஃபாவின் மடிப்பிலிருந்து தீர்ப்பு நகலை எடுத்து நீட்டினாள்.

"படிங்க. 'குற்றவாளியின் அக்கா வீட்டு மாடியிலிருந்து'ன்னு நீதிபதியே எழுதியிருக்காரு. கதவ ஒடைக்க வந்தப்ப நான் அக்கா. பாக்க வந்தா யாரோவா?"

அதிகாரி படித்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதுல உன் பேரு இல்ல. அக்கான்னு நீ கையெழுத்துப் போட்டா, அந்த மாடிக்கும் நீதான் பொறுப்பு. நாளைக்கு உன்னையும் கூப்பிடுவாங்க. யோசிச்சுக்கோ."

அவளுக்குப் பயம் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம்.

"எழுதுங்க. மாடியும் என்னுது. தம்பியும் என் தம்பி."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

உள்ளே கம்பிக்கு அந்தப் பக்கம் பஷ்ரி எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான். கொடுத்தது பதினைந்து நிமிடம். அதில் பாதியை அவள் அந்த அதிகாரியைத் திட்டியே தீர்த்தாள்.

வெடித்த உதட்டோடு பஷ்ரி சிரித்தான். "நீயா அக்கா இப்படிப் பேசுற? நிறுத்தாத, இன்னும் திட்டு."