எட்டு எண்ணும் புனிதா

எட்டு எண்ணி முடிக்கும்வரை புனிதா பிப்பெட் என்ற உறிஞ்சுகுழலை அசைக்கமாட்டார். முனை கலவைக்குள் இருக்கிறது. கட்டைவிரல் மெல்ல மேலே வந்துவிட்டது. கலவைதான் இன்னும் ஏறி வந்து சேரவில்லை. "தண்ணின்னா கூப்பிட்டதும் ஓடி வரும். இது மாப்பிள்ளை ஊர்வலம், நடந்துதான் வரும்" என்பார்.

ஸ்ரீ கெம்பாங்கானில், இரத்தம் சோதிக்கும் சில்லுகள் செய்யும் சின்னத் தொழிற்சாலை. கண்ணாடித் துண்டில் தலைமயிர் பருமனுக்கு வாய்க்கால்கள். அவற்றில் தேன்போல் கெட்டியான கலவையை ஒரு சொட்டுக்கும் குறைவாக விடவேண்டும். குமிழி ஒன்று நுழைந்தால் சில்லு குப்பைக்குத்தான். அதனால் புனிதா வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, மிச்சத்தை முனையிலேயே நிறுத்திவிடுவார். "கடைசிச் சொட்டுக்கு ஆசைப்படக்கூடாது. காத்து அதுக்குப் பின்னாலதான் ஒளிஞ்சிருக்கும்." விடும்போது மூச்சையும் அடக்கிக்கொள்வார். "அக்கா, செப்பாட் லா, சீக்கிரம், ஆர்டர் நிக்குது" என்று மேற்பார்வையாளர் கிஷன் கத்தினாலும் தலை நிமிராது.

பதறாத காரியம் சிதறாது என்று பத்தொன்பது வருடம் கையாலேயே காட்டியவர், வீட்டில் ஒரே ஒரு நாள் பதறினார்.

கணவர் சுகுமாறன் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்தபின் தண்ணீராக எதைக் குடித்தாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் தந்த மாவைக் கலந்து, கெட்டிப்படும்வரை வைத்திருந்துதான் ஊட்டவேண்டும். போன தைப்பூசத்தன்று காலை, அவருக்காக நேர்ந்துகொண்ட பால்குடம். பத்துமலை ரயிலைப் பிடிக்கும் அவசரம். மாவைக் கலக்கினார் புனிதா, கெட்டிப்படக் காத்திருக்காமல் ஊட்டிவிட்டார். அன்றே நிமோனியா. பதினொரு நாள் ஆஸ்பத்திரி வாசம். இன்னொரு தடவை தாங்காது என்று டாக்டர் சொல்லியனுப்பினார்.

"எட்டு எண்ணத் தெரிஞ்ச கைதான். அன்னைக்கு மூணுகூட எண்ணலயே" என்பார் புனிதா. முருகன் மன்னித்திருப்பான். புனிதா தன்னை மன்னிக்கவில்லை.

மாலை ஆறரை மணி, பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீடு. மாவு கலக்கிய கோப்பி மேசையில் இருக்கிறது. "தாயேன், புனி" என்று குழறுகிறார் சுகுமாறன்.

"இருங்க. இன்னும் ஆகல."

கரண்டியைச் சாய்த்துப் பார்க்கிறார். கோப்பி சோம்பி வழிகிறது. ஒரு வாய் ஊட்டிவிட்டு, கரண்டியில் ஒட்டிய மிச்சத்தை அப்படியே விட்டுவிடுகிறார். கண் கணவரின் தொண்டையிலேயே நிற்கிறது.

அது ஏறி இறங்கும்வரை புனிதா மூச்சு விடவில்லை.