மரத்த காலும் மோட்டார் சைக்கிள் சாவியும்

பிரேக்கை மிதித்திருக்கிறேனா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற நிலைமை வந்ததும், மனைவி என் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வலது பாதத்தில் உணர்ச்சி திரும்பினால்தான் சாவி. அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்தில் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி ஆபீசுக்கு டவுன் பஸ்ஸில் போகிறேன்.

தில்லைநகர் டாக்டர் சர்க்கரை இல்லை என்றார். உறவுக்காரர்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்குத் தட்டைப் பாதமாம். உள்வளைவு தாங்கலில்லாமல் சரிய, நரம்பு நசுங்கி மரத்துப்போகிறதாம். வளைவுக்கு முட்டுக்கொடுக்கும் மேடு வைத்த ஷூ ஒன்றை எழுதிக்கொடுத்தார். வாங்கினேன். ஒரு மாதமாகியும் பாதம் பாதமாக இல்லை. டாக்டர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் கடையில் இருந்தபடியே இருந்தது.

“எப்பல்லாம் போடறீங்க?”

எப்போதும் என்றேன். கூட வந்திருந்த மனைவி, கேட்காமலே சாட்சி சொன்னாள். வீட்டுக்குள் காலணி கிடையாது. ஆபீசில் மேஜைக்கடியில் கழற்றிவிடுவார். காலை நடை சித்திரை வீதியில், வெறுங்காலோடு. கோயிலைச் சுற்றிய வீதியில் நடப்பதால் உடம்புக்கும் ஆச்சு, பிரதட்சிணமும் ஆச்சு என்பது என் நெடுநாள் கணக்கு.

“அப்ப பஸ்ல உக்காந்துட்டுப் போறப்ப மட்டும் போடறீங்க.”

“பாதி நாள் சீட் கிடைக்காது சார்” என்றேன்.

வீட்டுக்குள்ளும் போட வேண்டும், நடக்கும்போது கட்டாயம் போட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கினோம். கூடத்துக்கு அனுமதி கிடைத்தது. சமையலறைக்கும் பூஜையறைக்கும் இல்லை. காபி வேண்டுமானால் வாசற்படியில் நின்று யாசிக்க வேண்டும்.

வீதிதான் சிக்கல். ஷூவோடு சுற்றினால் பிரதட்சிணத்துக்கு அவமரியாதை. பிரதட்சிணம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்று எதிர்த்திசையில் நடந்தேன். ஈர வேட்டியோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, “இப்படிச் சுத்தப்படாது, அதுவும் ஷூவோட” என்றார். மருத்துவக் காரணங்களை விளக்கினேன். அவர் என் காலைப் பார்க்கவில்லை, தலையைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நடக்கிறேன்.

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தபின் சாவியைக் கேட்டேன். மனைவி விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்து, கண்ணை மூடச் சொன்னாள். டாக்டர் செய்த சோதனைதான். எங்கே தொடுகிறாள் என்று நான் சொல்ல வேண்டும்.

கட்டைவிரல் என்றேன். சரி. குதிகால் என்றேன். அதுவும் சரி. பிறகு வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பதற்றத்தில், “சுண்டுவிரல்” என்று அடித்துவிட்டேன்.

“நான் இன்னும் தொடவே இல்லைங்க.”

அடுத்த கணம் உள்ளங்கால் நடுவே, மாதக்கணக்கில் செத்துக் கிடந்த அதே இடத்தில், குச்சி பட்டு எறும்பு கடித்ததுபோல் சுரீரென்றது. கத்தினேன். இது நிஜமாகவே தெரிந்தது என்று சத்தியம்கூடப் பண்ணினேன்.

“ஆமாமா” என்று குச்சியை ஜன்னல் வழியாக எறிந்தவள், கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.