பானட்டுக்குள் ஒரு வாஷ்பேசின்

படப்பையில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை வந்திருக்கிறது. வாசலில் ஒரு பழைய அம்பாசடரை நிறுத்தி, பானட்டைத் திறந்து எஞ்சினை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் வாஷ்பேசின் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் 'வின்டேஜ்' என்று பலகை வேறு. ஜனங்கள் எச்சில் கையோடு வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அற்பத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று திட்டிக்கொண்டே நானும் வரிசையில் நின்றேன். கை கழுவ வேறு குழாய் கிடையாது.

லிக்விட் சோப்பின் எலுமிச்சை வாசனைக்கு அடியில் பழைய எஞ்சின் ஆயில் வாடை வந்தது. பேசினைப் பதித்தவன் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. அந்த வாடை என்னை இழுத்துக்கொண்டு போய் சுங்குவார்சத்திரத்துப் பக்கம், என் மாமனார் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டது.

மாமனார் அந்தோணி சொந்த அம்பாசடரை வாடகைக்கு ஓட்டினார். கல்யாணம், பிரசவம், வேளாங்கண்ணி எல்லாவற்றுக்கும் ஊரில் அந்த ஒரு வண்டிதான். எனக்குக் கல்யாணமான புதிது. ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. லீவு நாளில்கூடக் கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போவேன். அப்படி ஒரு கிறுக்கு. அவரும் தெருமுனையிலேயே "வாங்க மாப்ளே!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவார். டீக்கடையில், "எம் மாப்ள காரே செய்றாரு" என்பார். காரே செய்கிறேனாம்! நான் செய்தது இடது பக்கம் நாலு போல்ட். ஒரு கார் போகும், அடுத்தது வரும், மறுபடி நாலு போல்ட். அந்தக் காரில் மீதி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

வண்டி புகைய ஆரம்பித்தது. எஞ்சினை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை தூக்குவதற்குச் சங்கிலியோடு வருகிறேன் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

"எதுக்கு மாமா மெக்கானிக்? நாங்க நிமிஷத்துக்கு ஒண்ணு மாட்றவங்க" என்றேன்.

மாமனார் சிரித்தார். "அது வேற மாப்ளே. இது கெழவி. அவரு வர்ற வரைக்கும் கைய வெக்காதீங்க. சனிக்கெழம கல்யாண சவாரி கீது."

வைத்தேன். ஞாயிறு காலை எல்லோரும் பூசைக்குப் போக, நைட் ஷிப்ட் களைப்பு என்று பொய் சொல்லி வீட்டில் தங்கினேன். கம்பெனியில் என்னோடு அசெம்பிளி லைனில் நிற்கும் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். எஞ்சின் ஏற்றும் இடத்தில் நிற்கும் பாபு, குவாலிட்டி சேகர். பூசை முடிந்து வருவதற்குள் எஞ்சினை எடுத்து வைத்து மாமனாரை அசத்திவிடுவதாகத் திட்டம்.

எங்கள் லைனில் காரின் உடம்பு தலைக்கு மேலே தொங்கி வரும். எஞ்சின் அடியிலிருந்து ஏறிப் பொருந்தும். அந்த இடத்துக்கு 'மேரேஜ்' என்றே பெயர். ஆகவே உலகத்தில் எந்த எஞ்சினும் கீழே இருந்துதான் ஏறும், கீழேதான் இறங்கும். சங்கிலி கட்டி மேலே தூக்குவது பட்டிக்காட்டு வேலை. மூன்று ஐடிஐ சர்டிபிகேட் கூடி இந்த முடிவுக்கு வந்தது. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹாலோ பிளாக் கற்களில் நிறுத்தி, எஞ்சின் இறங்கி உட்கார அடியில் ஒரு பழைய டயரைப் போட்டோம்.

"இன்னாடா, குறுக்கால ஒரு சட்டம் கீது?" என்றான் பாபு.

"வழிய மறைச்சிகினு கீது. கழட்டு" என்றேன் நான்.

அந்தச் சட்டம்தான் எஞ்சினைத் தாங்குகிறது, முன்சக்கரங்களையும் பிடித்து வைத்திருக்கிறது என்பது வண்டி துடைக்கிறவனுக்குக்கூடத் தெரியும். கம்பெனியில் போல்ட் சரியாக முடுக்கினால் கருவி 'பீப்' என்று கத்தும், சேகர் மார்க்கரால் மஞ்சள் கோடு போடுவான். இங்கே கருவியும் இல்லை, கத்தலும் இல்லை. ஆனால் சேகர் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, கழற்றிய போல்ட்டுக்கெல்லாம் பொறுப்பாகக் கோடு போட்டான்.

கடைசி போல்ட் வந்ததும் எஞ்சின் டயரை விட்டு விலகி விழுந்தது. கற்கள் நொறுங்கி, வண்டி அதன்மேலேயே உட்கார்ந்தது. எங்களில் ஒருவன் காலும் மாட்டவில்லை. மாட்டியிருக்கலாம்.

மாமனார் வெள்ளை வேட்டியோடு வந்தார். குனிந்து பார்த்தார். ஒரு போல்ட்டை எடுத்து, "இது இன்னா கோடு?" என்றார்.

"ஓகேன்னு அர்த்தம் அங்கிள்" என்றான் சேகர்.

அவர் அந்த போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை வந்த மெக்கானிக், "எஞ்சின சரி பண்ணிடலாம். பாடி வளஞ்சி பூட்ச்சி. இனிமே நேரா ஓடாது" என்றார். கல்யாணக்காரர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். அம்பாசடர் எடைக்குப் போனது.

அதோடு விட்டேனா? பெரிய மனசு பண்ணி, எங்கள் கம்பெனி கேட்டிலேயே மாமனாருக்கு செக்யூரிட்டி வேலை வாங்கிக் கொடுத்தேன். அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. முதல் நாள், "மாமா, நான்தான்" என்று சிரித்தேன். "பைய தெறங்க சார்" என்றார்.

என் நாலு போல்ட்டை இப்போது ரோபோ முடுக்குகிறது. பாபுவும் சேகரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. மாமனாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டில் சொன்ன அந்த 'சார்' அங்கேயே நின்றிருந்தால் ரூல் என்று விட்டிருப்பேன். வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோதும், கடைசியில் ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்டபோதும், அவர் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.