சுவரில் நிற்கத் தெரியாத எல்ஸ்பா

"எந்த ஊர்லயாவது, தடுக்க வேண்டிய ஆளே எதிரணிக்குப் பந்தைப் புடிச்சுக் குடுப்பாங்களா?"

உடைமாற்றும் அறையில் எங்கள் கால்பந்துப் பயிற்சியாளர் ஆஸ்கெர் இப்படிக் கேட்டார். எதிரணி அடிக்கும் பந்தை மறிக்க ஆட்களைச் சுவர்போல வரிசையாக நிறுத்துவது கோல்கீப்பரான என் வேலை என்பதால் அவர் என்னையே பார்த்தார். அவர் டென்மார்க்கிலிருந்து வந்து ஒரு கோடைகூட முடியவில்லை. எங்கள் ஃபாரோ தீவுகளின் காற்றை அவருக்கு எங்கிருந்து விளக்கத் தொடங்குவது?

இப்போது நான் பள்ளியை முடித்துவிட்டேன். அடுத்து என்ன என்று தெரியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். தெரிந்த ஒன்றையாவது ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இது எல்ஸ்பாவின் கதை.

எல்ஸ்பா அக்கா எங்கள் ஊர்ப் படகில் வேலை செய்கிறார். வண்டிகளை ஏற்றி இறக்கும் பெரிய படகு அது. கரை நெருங்கும்போது அவர் வீசும் கயிறு, துறையில் நிற்பவரின் கைக்கே போய்ச் சேரும். வண்டியைக் கோணலாக நிறுத்தினால் பாதிரியாராக இருந்தாலும் திட்டு உண்டு. முப்பத்தெட்டு வயது. எங்கள் பெண்கள் அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டம். அவருடைய கணவர் ஹனுஸ் ஆட்ட இடைவேளையில் வாஃபிள் அப்பம் சுட்டு, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம் தடவி விற்பார். அந்தக் காசில்தான் எங்களுக்குப் பந்து வாங்குவோம்.

எல்ஸ்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது உருண்டால் அதன் பின்னால் போய்விடுவார். படகில் தகர டப்பா உருளும், குழந்தை வண்டி உருளும். யோசித்துக்கொண்டு நின்றால் பொருள் கடலுக்குள் போய்விடும். அதனால் அவருடைய கால்கள் யாரையும் கேட்பதில்லை.

எங்கள் மைதானமோ கடலோரத்தில் இருக்கிறது. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஃப்ரீகிக்கை அடிக்கப் பந்தை வைத்தால், காற்றில் அது வைத்த இடத்தில் நிற்காது. அடிப்பவளின் தோழி ஒருத்தி புல்லில் படுத்து, ஒரு விரலால் பந்தைப் பிடித்துக்கொள்வாள். இங்கே எல்லாருக்கும் பழகிப்போன காட்சி.

அன்று தலைநகர அணியோடு ஆட்டம். நான்கு பேரைச் சுவராக நிறுத்தினேன். தலைநகரப் பெண் பந்தை வைத்தாள், உருண்டது. மறுபடி வைத்தாள், மறுபடி உருண்டது. அவளுடைய தோழிகள் எல்லாரும் கோலுக்கு அருகில் தள்ளுமுள்ளுவில் இருந்தார்கள்.

"இரு இரு, நான் புடிக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. எல்ஸ்பா சுவரை விட்டு ஓடிப்போய், புல்லில் படுத்து, பந்தின் மேல் விரலை வைத்தார்.

"ரொம்ப நன்றிக்கா" என்றாள் அந்தப் பெண். எல்ஸ்பா விட்டுவந்த இடைவெளி வழியாகவே அடித்தாள். கோல்.

"நல்ல அடி" என்றார் எல்ஸ்பா, படுத்தபடியே.

அதற்குப் பிறகுதான் ஆஸ்கெரின் கேள்வி.

"பந்து உருண்டுச்சுங்க" என்றார் எல்ஸ்பா.

"உருளட்டுமே!"

"கடல்ல போய் விழுந்தா யாரு எடுக்கிறது? நீங்களா?"

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆஸ்கெர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு ஆட்டம்தான் இருக்கு. அதுல தோத்தா லீக்ல கீழ்ப் பிரிவுக்குப் போயிடுவோம். அடுத்த வருஷம் நமக்குன்னு தனி அணியே கிடையாது. எதிர்த் தீவு அணியோட சேர்த்துடுவாங்க. அவங்ககிட்ட தடுப்பாட்டத்துக்கு நிறைய சின்னப் பொண்ணுங்க இருக்காங்க." அங்கே தனக்கு இடமிருக்காது என்று எல்ஸ்பாவுக்குப் புரிந்தது. ஷூவில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் சுவர்ப் பயிற்சிதான். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். முகத்தைத் திருப்பக் கூடாது. கண் பந்தின் மேலேயே இருக்க வேண்டும். அடித்ததும் எல்லாரும் ஒன்றாகக் குதிக்க வேண்டும்.

"கல்யாணத்துல கைகோத்து ஆடுற மாதிரி நெருங்கி நில்லுங்கடி" என்று எல்ஸ்பாவே மற்றவர்களை அதட்டுவார். பந்து உருண்டதும் அவரே முதலில் கிளம்பிவிடுவார். பக்கத்தில் நின்ற ரன்வா அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். சட்டை கிழிந்தது. எல்ஸ்பா நிற்கவில்லை.

"கண்ணு அதைப் பாத்துச்சுன்னா காலு கேக்க மாட்டேங்குது" என்றார் மூச்சு வாங்கியபடி. "என்னை வெளிய உக்கார வைங்க ஆஸ்கெர். வாஃபிளாவது சுடறேன்."

"நீ சுட்டா கரியாயிடும்" என்று ஹனுஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்.

சுவர் குதித்தால் காலுக்கடியில் இடைவெளி விழும். அதை அடைக்க, சுவருக்குப் பின்னால் ஒருத்தி குறுக்காகப் படுக்க வேண்டும் என்று ஆஸ்கெர் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வேலை சுன்வாவுக்கு. ஈரப் புல்லில் படுக்க அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை. அன்றும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்.

எல்ஸ்பா அவள் பக்கம் வந்தார். "ஏய் சுன்வா, அங்க படுத்தா பந்து தெரியுமா?"

"எங்கக்கா தெரியுது? பந்துக்கு முதுகைக் காட்டிட்டுல்ல படுக்கணும்."

"அப்ப நீ எந்திரி. அது என் எடம்."

எங்கள் மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று. சமன் செய்தாலே எங்களுக்குப் போதும். முடிகிற நேரத்தில் எதிரணிக்கு ஃப்ரீகிக், கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்கோட்டின் விளிம்பில். காற்று கொடிக்கம்பத்தை வளைத்துக்கொண்டிருந்தது. சுவரை நிறுத்தினேன். எல்ஸ்பா அதன் பின்னால் படுத்தார், முகம் என் பக்கம்.

"பிரிட்டா, என்னடி நடக்குது?"

"பந்தை வைக்கிறாங்கக்கா."

"உருளுதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. காத்து என் காதுலயே ஊதுது."

"உருளுதுக்கா."

"யாராவது புடிக்கிறாங்களா?"

யாரும் பிடிக்கவில்லை. "இல்லக்கா" என்றேன். அவர் இரண்டு கைகளாலும் புல்லை இறுகப் பற்றிக்கொண்டார். முழங்கால் ஒன்று மெல்ல மடங்கியது. எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன்.

"அக்கா, என்னைப் பாருங்க. என்னை மட்டும் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு படகில் கத்துவதைப் போலக் கத்தினார்: "அடியே, உங்க ஆளுங்க யாராவது அந்தப் பந்தைப் புடிங்கடி! எனக்கு உசுரு போகுது!"

மைதானமே சிரித்தது. நடுவரும் சிரித்தார். எதிரணிப் பெண் ஒருத்தி வெட்கத்தோடு ஓடிவந்து படுத்து விரலை வைத்தாள். விசில் ஒலித்தது. எங்கள் சுவர் குதித்தது. பந்து அதன் காலுக்கடியில் தரையோடு தரையாக வந்து, எல்ஸ்பாவின் பின்புறத்தில் பளாரென்று மோதித் தெறித்தது.

"உள்ள போச்சா? பிரிட்டா, உள்ள போச்சா?"

"இல்லக்கா! உங்க மேலதான் பட்டுச்சு!"

"அதானே, எரியுதேன்னு பாத்தேன்."

ஆட்டம் முடிந்தது. எல்லாரும் எல்ஸ்பாவைக் கட்டிப்பிடிக்க ஓடினோம். அவர் அங்கே இல்லை. தெறித்த பந்து கடலை நோக்கி உருண்டுகொண்டிருக்க, பின்புறத்தை ஒரு கையால் தேய்த்தபடி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இன்னொருவரும் ஓடினார். ஆஸ்கெர்தான். தண்ணீர் தொடும் இடத்தில் வயிறு தரையில் பட விழுந்து, பந்தைப் பிடித்துவிட்டார். "எந்த ஊர்லயாவது" என்ற அந்தக் கேள்வியை அவர் மறுபடி யாரிடமும் கேட்கவில்லை.

இந்த வருடமும் எங்கள் அணி தனியாகத்தான் ஆடுகிறது. சுவருக்குப் பின்னால் எல்ஸ்பாதான் படுக்கிறார்.

உங்கள் ஊரிலும் சுவரில் நிற்க முடியாத ஒருவர் இருக்கக்கூடும். அவரை வெளியே உட்காரவைப்பதற்கு முன் எல்ஸ்பாவின் கதையை உங்கள் அணியிடம் சொல்லுங்கள். அவர்களை இன்னொரு அணியிடமும் சொல்லச் சொல்லுங்கள்.