நெல்லுக்குள் இருந்த சூடு

கொள்முதல் நிலையத்தில் என் நெல் குவியலுக்கு அடுத்தது அவருடையது. ஒல்லியான மனிதர். உரச்சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டிருப்பார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. குறுவை அறுவடையோடு பிடித்த மழை விடவே இல்லை. ஈரப்பதம் இறங்கினால்தான் நெல்லை எடுப்பார்கள். எங்களுக்கு முன்னால் பதினொரு குவியல்கள் கிடந்தன. எத்தனை முறை எண்ணினாலும் பதினொன்றுதான்.

விடிந்ததும் அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, இரு கைகளையும் முழங்கை வரை நெல்லுக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க, சூடு ஏறிடுச்சா?" என்று கேட்டேன்.

"நல்லா ஏறிடுச்சு சார்."

"அப்ப முளை விட்டுருமே. நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீங்க."

"கிளறிக் காயப்போட வெயிலு எங்க இருக்கு? ராத்திரி பூரா நனைஞ்ச கை, இதமா இருக்கு. நீங்களும் விட்டுப் பாருங்க. உங்க நெல்லும் இந்நேரம் பதமாத்தான் இருக்கும்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் விரல்கள் விறைத்திருந்ததால் என் குவியலுக்குள் கையை விட்டேன். வெந்நீரில் வைத்தது போல இருந்தது. கெட்டுப்போகிற நெல்லின் சூடு என்று தெரிந்தும் எடுக்க மனம் வரவில்லை.

"எப்படி சார்?" என்றார். கையை இன்னும் ஆழமாக விட்டேன்.

இரண்டு குவியல்களும் முளைத்துவிட்டன. எங்கள் நெல்லை எடுக்க மறுத்துவிட்டார்கள். திருப்பி ஏற்றிக்கொண்டு போக அவருடைய டிராக்டர் வந்தது. பாதி அள்ளியதும் என்னைக் கூப்பிட்டார்.

"அடியில இன்னும் சூடு இருக்கு சார், வாங்க."

என் நெல்லை ஏற்றிப் போக வாடகைக்கு எங்கே போவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.