ஆமா சொல்ல ஒரு ஆள்

மிக்சி கெட்டுப்போனால் பட்டாளத்து மாமாவிடம் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிட முடியாது. கெடுவதற்கு முன் அது எப்படிச் சத்தம் போட்டது என்று வாயால் போட்டுக் காட்ட வேண்டும். பாறசாலை போகிற சாலையோரத்தில் இருந்த அவருடைய தகரக் கொட்டகை முன்னால் நின்று என் அம்மா "க்ர்ர்ர், டக்" என்று கத்துவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொல்வார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். கூடப் பிறந்த அக்கா என்ற சலுகையெல்லாம் அந்தக் கொட்டகையில் கிடையாது.

ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்த்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். போன மழைக்காலத்தில்தான் இறந்தார். உயிரோடிருந்தவரை அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சாப்பாட்டின் நடுவே எழுந்து மின்விசிறியை நிறுத்தி இறகைத் தடவிப் பார்ப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஜெனரேட்டரின் பக்கத்தில் போய் நிற்பார். சுற்றுவட்டாரத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக்குத் தலைமை அவர்தான். அங்கும் இதே கூத்துதான். கதை சூடுபிடித்திருக்கும்போது மைக் கரகரத்தால் போதும், வில்லில் தட்டுகிற வீசுகோலைப் பக்கத்தில் குடம் தட்டுகிற குடக்காரரிடம் நீட்டிவிட்டு, இடுப்பிலிருந்த ஸ்குருடிரைவரை உருவி, பாட்டையும் விடாமல் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போய்விடுவார். சாமி வந்து ஆடுகிறவரே ஒரு கணம் நின்று பார்ப்பார். எனக்கும் அந்த இருப்புக்கொள்ளாத சுபாவம் உண்டு. அப்படியே உன் மாமன்தான் என்று அம்மா திட்டுவாள்.

மாமி அம்பூரிக்காரி, பழைய மிஷன் சபைக் குடும்பம். இரண்டு வீட்டையும் மீறி நடந்த கல்யாணம். அவள் தன் ஞாயிற்றுக்கிழமைகளை விடவில்லை, அவர் தன் கொடைகளை விடவில்லை. சண்டையும் இல்லை. ஆனால் வில்லுப் பாடுகிற பந்தலில் கால்வைக்க மாட்டேன் என்று தன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை மாமி காப்பாற்றிக்கொண்டே வந்தாள். அவர் பாட்டை ஊரே கேட்டது, அவள் மட்டும் கேட்கவில்லை.

ஒரே காலையில் மாமாவுக்கு வலது கையும் பேச்சும் போயின. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு எல்லாம் புரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் தமிழிலும் மலையாளத்திலும் கேட்டுக்கேட்டுப் படங்களைக் காட்டினாள். இடது கையால் தட்டிவிட்டார். தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் வேறு ஏதோ சத்தம் வரும், உடனே தன் வாயிலேயே அடித்துக்கொள்வார். சாப்பாடு குறைந்தது. வீட்டிலிருந்த கத்தி, ஸ்குருடிரைவர் எல்லாவற்றையும் மாமி ஒளித்துவைத்தாள். அலுவலகம் முடிந்ததும் நான் பஸ் பிடித்து அங்கே போய்விடுவேன், சனி ஞாயிறு அங்கேயே தங்குவேன். இந்த மனிதர் இனி ஒரு வார்த்தையும் சொல்லாமலே போய்விடுவாரோ என்பதுதான் எங்கள் பயம்.

ஒரு சனிக்கிழமை குடக்காரர் பார்க்க வந்தார். பழக்கதோஷத்தில் பக்கத்திலிருந்த செம்பைத் தட்டினார். மாமா பாடினார். கதைக்கு முன்னால் பாடுகிற காப்புப் பாட்டின் முதல் அடி, ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. அதோடு நின்றுவிட்டது. குடக்காரர் "ஆமா" என்றார். உடனே அடுத்த அடி வந்தது. வில்லுப்பாட்டில் அதுதான் முறை, தலைவர் ஓர் அடி சொன்னால் பக்கத்திலிருப்பவர் ஆமா போட வேண்டும். "ஆமா கிட்டினா அண்ணன் அடுத்த அடிக்குப் போவாராக்கும், சேச்சி" என்று மாமியிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் மாமா "கஞ்சி வச்ச பெண்ணாளே" என்று ராகம் இழுத்து நிறுத்தினார். நான் ஆமா என்றேன். என்னை முறைத்தார். மாமி அகப்பையோடு நின்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "ஆமா" என்றாள். "உப்பில்லையே கஞ்சியிலே" என்று முடித்தார். மாமி சிரித்தாள், அப்புறம் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு அந்த வீடு பாட்டில்தான் நடந்தது. குளிக்கச் சுடுவெள்ளம் கேட்பது, மாத்திரை கசக்கிறது என்பது, எதிர்வீட்டு மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்பது எல்லாமே பாட்டு. ஒவ்வொன்றுக்கும் மாமி அடுப்படியிலிருந்து ஆமா போடுவாள். வேறு யார் போட்டாலும் அடுத்த அடி வராது.

கொடை வந்தது. மாமா பாடித்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். மாமி அவரை ஆட்டோவில் கூட்டிப்போய், பந்தலுக்கு எதிரே சாலையோரம் ஆட்டோவிலேயே மருந்துப் பையோடு உட்கார்ந்துகொண்டாள். உச்சிவெயில். மாமா இடது கையில் வீசுகோலைப் பிடித்து முதல் அடி பாடினார். குழுவினர் எல்லாரும் சேர்ந்து ஆமா போட்டார்கள். மாமா நின்றுவிட்டார். மறுபடி அதே அடி, மறுபடி அதே ஆமா. அடுத்த அடி வரவில்லை. கூட்டம் சலசலத்தது. கமிட்டிக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில்தான், வேறொரு பாட்டுக்காரரை உட்காரவைக்க வீசுகோலை வாங்கப் போனார். மாமா விடவில்லை. கோலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

ஆட்டோவிலிருந்து "ஆமா" என்று கேட்டது. சபையில் பாமாலை பாடிப் பழகிய மெல்லிய குரல், மைக் இல்லாமலே பந்தலுக்குள் வந்தது. மாமா இரண்டாவது அடிக்குப் போனார். சாலைக்கு அந்தப் பக்கம் ஆமா, இந்தப் பக்கம் பாட்டு, சாமி கதை நகர்ந்தது. நடுவில், அதே ராகத்தில், மாமா அவளை விளித்துப் பாடினார்: "வெயிலுல இருக்காதே, பந்தலுக்குள்ள வா."

எல்லாரும் திரும்பினார்கள். மாமி மருந்துப் பையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையைக் கடந்து வந்து குடக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அப்பனுக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று சபைப் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமி குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்க மாப்பிள விளிச்சாரு. நான் விளி கேக்காண்டாமா?"